ராத்திரியில் மணக்கும் புகையிலைப் பூ: அலாட்டாவா, சில்வெஸ்ட்ரிஸா, குட்டைக் கலப்பா?

நடுப்பகலில் நர்சரிக்குப் போனால் அலங்காரப் புகையிலையில் (நிக்கோட்டியானா) இரண்டு விதம் கண்ணில் படும். ஒன்று குட்டையாக, அடர்த்தியாக, சிவப்பும் ரோஸும் வெள்ளையுமாகப் பளிச்சென்று விரிந்து நிற்கும். இன்னொன்று முழங்காலுக்கு மேல் ஒல்லியாக வளர்ந்து, பூவெல்லாம் சுருங்கித் தொங்க, இரண்டு நாள் தண்ணீர் காணாததுபோல் இருக்கும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு வாரம் மோந்து பார்த்துவிட்டு, "மணக்கும்னு சொன்னாங்களே!" என்று குறைப்படுவார்கள். உண்மையில் மணக்கிற செடி கடையில் சுருங்கி நின்றதுதான். பொழுது சாய்ந்ததும் அது விரியும், அப்போதுதான் வாசமும் வரும்.

காரணம் எளிது. இந்தப் பூ மணப்பது நமக்காக இல்லை, இருட்டில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிக்காக. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்தப் பூச்சி அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். அதற்குத் தோதாகப் பூவின் குழலும் நீண்டிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் தெரிய வெள்ளை நிறம், தூரத்திலிருந்து வழிகாட்ட வாசனை. பகலில் திறந்து வைத்துத் தேனை வீணாக்குவானேன் என்று மூடிக்கொள்கிறது. சிவப்புப் பூவுள்ள உறவினமான ஃபோர்கெட்டியானாவை நாடுவது தேன்சிட்டைப் போன்ற சின்னஞ்சிறு ஓசனிச்சிட்டு. பறவை நிறத்தைப் பார்த்து வருகிறது, வாசனையைத் தேடி வருவதில்லை. அதனால் அந்தப் பூவில் மணமும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சாண்டர் நர்சரி மணக்கும் வெள்ளைப் பூ இனமான அலாட்டாவையும் ஃபோர்கெட்டியானாவையும் கலந்து உருவாக்கியதுதான் சாண்டரே கலப்பு. இன்று தட்டுத் தட்டாக விற்கும் குட்டை ரகங்கள் அந்த வழியில் வந்தவை. நிறமும் பகலில் விரியும் குணமும் ஃபோர்கெட்டியானா வழி வந்தன, அலாட்டா வழி மணம் பாதி வழியில் தொலைந்துவிட்டது.

ஆகவே பாக்கெட்டின் மேல் என்ன எழுதியிருந்தாலும் பார்க்க வேண்டியவை மூன்று: பூ வெள்ளையா, குழல் விரல் நீளம் இருக்கிறதா, நல்ல வெயிலில் மூடுகிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் மணம் உறுதி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அலாட்டா

தெற்கு பிரேசிலும் அதை அடுத்த நாடுகளும் இதன் தாயகம். பழைய விதைப் பட்டியல்களில் அஃபினிஸ் என்ற பெயரிலும் வரும், இரண்டும் ஒன்றே. தரையோடு ஒட்டிய இலைக் கொத்திலிருந்து பூந்தண்டு கிளம்பி 90 முதல் 150 செ.மீ. வரை போகும். பூ ஐந்து மடல் நட்சத்திரம். முகம் சுமார் 5 செ.மீ. அகலம், உள்ளே பால் வெள்ளை, குழலின் வெளிப்புறம் வெளிறிய பச்சை. மூடியிருக்கும்போது அந்தப் பச்சைப் புறம்தான் வெளியே தெரியும், வாடிய தோற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மணத்தில் மல்லிகையின் இனிப்பும் அதற்கடியில் லேசான கிராம்புக் காரமும் இருக்கும். காற்று அசையாத இரவில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருந்தே பிடிபடும், காற்றடிக்கும் மொட்டைமாடி விளிம்பில் வைத்தால் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

குறைகளும் உண்டு. தண்டு மெல்லியது, மழையோடு காற்றடித்தால் சாயும். பகல் முழுக்க அழுமூஞ்சியாக நிற்கும். காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு இது குறையே இல்லை. பகல் பார்வைக்கும் வேண்டும் என்பவர் மதிய வெயில் படாத பாதி நிழலில் வைக்கலாம். மேகமூட்டத்திலும் நிழலிலும் பூ பகலிலும் ஓரளவு திறந்தே இருக்கும்.

சில்வெஸ்ட்ரிஸ்

அர்ஜென்டினா, பொலிவியா மலைச்சாரல் செடி. வயலில் பயிராகும் புகையிலையின் இரண்டு மூதாதைகளில் ஒன்று இதுதான். இலையைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்: அகலமான பச்சை இலை, ஒன்றே அரை மீட்டர் நீளம் வரை. செடி ஒன்றரை மீட்டரைத் தாண்டி ஆள் உயரம் வரும். உச்சியில் 8, 9 செ.மீ. நீளமுள்ள ஒடுங்கிய வெள்ளைக் குழல்கள் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும், வாணவெடி வெடித்துச் சரிகிற மாதிரி. கடும் வெயிலில் மடல்கள் சோரும், மற்றபடி பகலிலும் திறந்திருக்கும். மணம் மட்டும் மாலையில்தான்.

பாதி நிழலை அலாட்டாவைவிட நன்றாகத் தாங்கும். தண்டு பருமன் என்பதால் எளிதில் சாயாது. ஆனால் இடம் கேட்கும் செடி. ஒவ்வொன்றுக்கும் 60 செ.மீ. விட வேண்டும், அடியில் வேறு எதுவும் பிழைக்காது. உதிரும் பூக்கள் கீழ் இலையின் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே அழுகும், அந்த இடத்தில் இலையும் பழுப்புத் திட்டாகி ஓட்டையாகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கையால் பொறுக்கிப் போட்டால் தீர்ந்தது. அதற்குப் பொறுமை இல்லாதவர் கண்ணுக்கு நேரே படாத பின்வரிசையில் நட்டுக்கொள்வது நல்லது.

சாண்டரே கலப்புகள்

நிக்கி, டோமினோ, சரடோகா என்ற வரிசைகளெல்லாம் இந்த வகை. 30 முதல் 45 செ.மீ. உயரம், கிளைத்த வடிவம், நாள் முழுக்கப் பூ. பாத்தி ஓரத்துக்கு நிறம் வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான செடி குறைவு. மணத்துக்காக என்றால் வேண்டாம். வெள்ளை நிறத்தவற்றில் மாலை நேரம் மூக்கைக் கொண்டுபோய் வைத்தால் கொஞ்சம் தெரியும், சிவப்பில் அதுவும் இல்லை.

பெர்ஃப்யூம் என்றே பெயரிட்ட ஒரு வரிசை உண்டு. அதில் டீப் பர்ப்பிள் என்ற ரகம் 2006இல், புது ரகங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. குட்டை ரகங்களுக்குள் மணத்தில் மேல்தான், அலாட்டாவின் பக்கத்தில் வைத்தால் தோற்றுப்போகும். 75 முதல் 90 செ.மீ. வளரும் சென்சேஷன் கலவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பல நிறம், பகலிலும் விரியும், இரவில் மிதமான மணம். ஒரே செடியில் இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு அதுவே சமரசம்.

மற்றவை

ஆஸ்திரேலியாவின் சுவாவியோலன்ஸ் 60 முதல் 90 செ.மீ. உயரம் வரும் மெல்லிய செடி. சின்ன வெள்ளைப் பூ, இரவில் கணிசமான மணம். விதை தேடித்தான் வாங்க வேண்டும், பார்வைக்கும் சாதாரணம். குறுகிய பால்கனிக்குச் சரிப்படும். லாங்ஸ்டார்ஃபியின் பச்சை மணிப்பூவும், ஒரே செடியில் வெள்ளையிலிருந்து ரோஸுக்கு மாறும் மியூட்டாபிலிஸும் அழகுக்கு மட்டும். இரவு மணத்தை எதிர்பார்த்து அவற்றை வாங்கினால் ஏமாற்றம்தான்.

எந்த இடத்துக்கு எது

தொட்டி மட்டும்தான் என்றால் அலாட்டா. 25 முதல் 30 செ.மீ. வாயுள்ள தொட்டியில் ஒரு செடி, 40 செ.மீ. தொட்டியில் மூன்று. ஒற்றைச் செடியின் மணம் கிட்டப் போனால்தான் தெரியும், மூன்றாக இருந்தால் அறைக்குள் வரும். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, காற்று வந்து மோதி நிற்கிற மூலையில் வைக்க வேண்டும். ஜன்னல் மட்டத்துக்குப் பூ வரும்படி தொட்டியை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்துகொள்ளலாம். தலைவலி வரும் அளவுக்கு வாசனை ஒவ்வாதவர் உள்ள வீட்டில் ஜன்னலிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைப்பது நலம்.

தரையில் இடமுண்டு, சுவர் அல்லது வேலி பின்னால் இருக்கிறது என்றால் சில்வெஸ்ட்ரிஸை மூன்று அல்லது ஐந்து செடியாகக் கூட்டமாக நடலாம். தொட்டியில் அதை வளர்க்கவே முடியாது என்றில்லை. ஆனால் அந்த அகல இலைகள் உறிஞ்சித் தள்ளும் தண்ணீருக்கு 40 செ.மீ. தொட்டியே போதாது, வெயில் நாளில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். ஒரு வேளை தவறினால் இலை துவளும், இரண்டு வேளை தவறினால் மொக்கு உதிரும்.

இரண்டையும் சேர்த்து வைக்க இடமிருந்தால் பின்னால் சில்வெஸ்ட்ரிஸ், முன்னால் அலாட்டா. சில்வெஸ்ட்ரிஸ் விதைத்ததிலிருந்து பூக்க அலாட்டாவைவிடச் சில வாரம் கூடுதலாக எடுக்கும். ஒரே நாளில் விதைத்தாலும் ஒன்று தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து மற்றது சேர்ந்துகொள்ளும்.

விதையா, நாற்றா

கடையில் நாற்றாகக் கிடைப்பவை பெரும்பாலும் குட்டைக் கலப்புகளே. பகலில் வாடித் தெரியும் செடியை யார் வாங்குவார் என்று நர்சரிக்காரர் உயர ரகங்களை அதிகம் போடுவதில்லை. மணம்தான் முக்கியம் என்று முடிவெடுத்தால் அநேகமாக விதையில்தான் தொடங்க வேண்டும். பாக்கெட்டில் 'கலப்பு நிறம்' என்றில்லாமல் அலாட்டா அல்லது சில்வெஸ்ட்ரிஸ் என்று தெளிவாக இனப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

விதை தூசி போன்றது. ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது: அப்படியே தூவினால் ஓரிடத்தில் புல்லாக முளைத்து, ஒன்றோடொன்று நெருக்கி அழுகும். இரண்டு தேக்கரண்டி உலர்ந்த பொடிமணலோடு கலந்து தூவினால் பரவலாக விழும், வெளிர் மணலானால் எங்கே விழுந்தது என்றும் தெரியும்.

5 அல்லது 6 செ.மீ. ஆழத் தட்டில் சலித்த கோகோபீட்டும் மண்புழு உரமும் 3:1 என்ற அளவில் நிரப்பி, மேற்பரப்பைச் சமப்படுத்துங்கள். தட்டைத் தண்ணீருள்ள தாம்பாளத்தில் வைத்து, மேற்பகுதி கறுத்து ஈரம் ஏறும் வரை அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். பிறகு விதை. மேலே மண் போடக் கூடாது, இது முளைக்க வெளிச்சம் வேண்டும். காய்ந்த அட்டை ஒன்றால் மெல்ல அழுத்தினால் போதும். களிமண் பூசிய குளிகை விதையாக இருந்தால் அழுத்தவும் வேண்டாம். பூச்சு ஊறிக் கரையும் வரை மேற்பரப்பு காயாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே முக்கியம், பாதி நனைந்து மறுபடி காய்ந்தால் பூச்சு ஓடுபோல் இறுகி முளையை அடைத்துவிடும்.

தெளிந்த மூடி போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் வைத்தால் 10 முதல் 20 நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். தெரிந்த அன்றே மூடியைக் கொஞ்சம் திறந்து, இரண்டு மூன்று நாளில் முழுவதும் எடுத்துவிடுங்கள். மூடியை மறந்துவிட்டால், முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்றுகள் அடித்தண்டு நூலாக இளைத்து வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்பது அதுதான். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைவகைகளின் வேலை. சாய்ந்தவை பிழைக்காது. சுற்றிலும் ஒரு விரல்கட்டை அகலம் கூடுதலாகச் சேர்த்து அள்ளி எறிந்துவிட்டு, மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி அடிநீர் மட்டும் கொடுத்தால் மீதியைக் காப்பாற்றலாம்.

முதல் மூன்று வாரம் நாற்று வளர்வதே தெரியாது. அவசரப்பட்டு உரம் போட வேண்டாம். முதலில் வரும் விதையிலைகளுக்குப் பிறகு நான்கு உண்மையிலை வந்ததும் இலை நுனியைப் பிடித்துத் தூக்கிக் குழித்தட்டுக்கோ சிறு கப்புக்கோ மாற்றுங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கும். இலை ஒன்று போனால் இன்னொன்று வரும், தண்டு போனால் செடியே போயிற்று. 8 முதல் 10 செ.மீ. ஆனதும் ஒரு வாரம் வெளிக்காற்றுக்குப் பழக்கி நடலாம். விதைப்பிலிருந்து இந்தக் கட்டத்துக்கு 6 முதல் 8 வாரம்.

பனி உறையும் நாடுகளில் கடைசி உறைபனிக்கு அவ்வளவு வாரம் முன்னதாக வீட்டுக்குள் விதைப்பார்கள். கோடை கொளுத்தும் பகுதியில் கணக்கு தலைகீழ்: பூக்கும் காலம் குளிர்ந்த மாதங்களில் வரும்படி, வெப்பம் தணியத் தொடங்கும்போது விதைக்க வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் பூ சிறுத்துவிடும், மொக்கும் உதிரும்.

மண்ணும் தீனியும்

நீர் தேங்காத, ஆனால் ஈரம் பிடிக்கிற மண் வேண்டும். தொட்டிக்குக் கோகோபீட் 2, மக்கிய உரம் 1, பருமணல் 1 என்ற கலவை ஒத்துவரும். தொட்டிச் செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமச்சீர் திரவ உரத்தைப் பாதி வீரியத்தில் கொடுத்தால் போதும். தழைச்சத்து மிகுந்தால் அலாட்டா கீரைப் பாத்திபோல் இலையாகப் பெருத்து, பூந்தண்டு எடுக்கத் தாமதிக்கும், கூடவே அசுவினியையும் அழைத்து வரும். தரையில் நட்டால் அலாட்டாவுக்கு 30 செ.மீ. இடைவெளி. தண்டு 40 செ.மீ. ஆகும் முன்பே மெல்லிய குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள், சாய்ந்தபின் நிமிர்த்தினால் தண்டு மடிந்து நிற்கும்.

முதல் தண்டின் பூ ஓய்ந்ததும் அதை அடியிலிருந்து 15 செ.மீ. விட்டு, ஒரு கணுவுக்கு மேலாக வெட்டினால் பக்கத்திலிருந்து புதுத் தண்டுகள் வரும். உறைபனி இல்லாத இடத்தில் அலாட்டாவின் பருத்த வேர் மறு ஆண்டும் துளிர்க்கும். ஆனாலும் இரண்டாம் ஆண்டுச் செடி முதல் ஆண்டின் வீரியத்தைக் காட்டுவதில்லை. புதிதாக விதைப்பதே மேல்.

கெடுவது எங்கே

இலையில் குட்டிக் குட்டி ஈக்கள் செத்து ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பலர் பதறி மருந்தடிக்கிறார்கள். அது நோயில்லை. இலை, தண்டு முழுக்க உள்ள மயிர்களின் நுனியில் பசை சுரக்கிறது, தெரியாமல் உட்கார்ந்த பூச்சி மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் ஆகியவை உண்மையான தொல்லை. மூன்றும் தளிரின் அடிப்புறத்தில் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சில துளி திரவ சோப்பும் கலந்து, பூ மேல் படாமல், மாலையில் இலையடியில் படும்படி தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். விரல் தடிமன் பச்சைப் புழு இலையை ஒரே ராத்திரியில் மொட்டையடித்திருந்தால் அது அந்தப் பருந்து அந்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கலாம். பொறுக்கி எடுப்பதே வழி. மகரந்தம் பரப்ப வரும் அம்மாவை வரவேற்று, பிள்ளையை விரட்டுகிற சங்கடம் இந்தச் செடியை வளர்ப்பவருக்கு உண்டு.

இலை மேற்புறம் மஞ்சள் திட்டும் அதன் நேர் கீழே சாம்பல் பூத்தாற்போலவும் வந்தால் அடிச்சாம்பல் நோய். குளிர்ந்த ஈர வானிலையில், நெருக்கி நட்ட இடத்தில் வேகமாகப் பரவும். அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மக்கு உரக் குழியில் போட வேண்டாம். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து நெளிந்திருந்தால் தேமல். புகையிலைத் தேமல் வைரஸுக்கு மருந்து கிடையாது. கையாலும் கத்தரிக்கோலாலும் பரவும். சுருட்டு, சிகரெட்டைத் தொட்ட கையிலிருந்தேகூட வரலாம் என்பதால் தோட்டத்தில் கைவைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் இதே குடும்பம், இந்த வைரஸும் பூச்சிகளும் அவற்றுக்கும் பொது. காய்கறிப் பாத்தியை ஒட்டி இதை நடுவது தெரிந்தே தொல்லையை விலைக்கு வாங்குவது.

செடி முழுதுமே நச்சு. பெயருக்கேற்ப நிக்கோட்டின் இருக்கிறது. இலையைக் கடிக்கும் வயதுக் குழந்தையோ, எதையும் மென்று பார்க்கும் நாய்க்குட்டியோ வீட்டிலிருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், முடியாவிட்டால் இந்த ஆசையை இரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள். வாடிய பூ, இலை கிள்ளும்போது கையுறை போடுவது நல்லது. ஈர இலையைத் தொட்டால் தோல் வழியாகவும் நிக்கோட்டின் ஏறும், பிசினும் விரலில் கறுப்பாக ஒட்டும். பிசினைச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துப் பிறகு சோப்பு போட்டால் போகும்.

அடுத்த வருஷத்துக்கு விதை எடுப்பதிலும் இரண்டு செடிக்கும் வித்தியாசம் உண்டு. சில்வெஸ்ட்ரிஸ் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஒரு செடி இருந்தாலே, காய் பழுப்பாகி நுனி வெடிக்கத் தொடங்கும்போது தாள் உறையைக் கவிழ்த்துக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் விதைக்கப் போதுமான விதை கிடைக்கும். அலாட்டா தன் மகரந்தத்தை ஏற்காது. ஒற்றைச் செடி வைத்திருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும், காய் மட்டும் பிடிக்காது. விதையிலிருந்து வந்த வேறு வேறு செடிகள் குறைந்தது இரண்டு வேண்டும். அந்த இரண்டாவது செடிக்குப் பதில் பக்கத்தில் குட்டை சாண்டரே நின்றால் அதன் மகரந்தத்தையும் அலாட்டா ஏற்றுக்கொள்ளும். காயும் விதையும் குறையில்லாமல் வரும், முளைத்தும் வரும். மறு வருஷம் பூக்கும்போது ரோஸ் நிறத்தில், நடுப்பகலிலும் விரிந்து, மணமில்லாமல் நிற்கக்கூடும்.